பொறுப்புக் குடியரசுத் தலைவர் (இந்தியா)

இந்தியக் குடியரசுத் தலைவர் இறந்தாலும், பதவி விலகினாலும், நீக்கப்பட்டாலும் துணைக் குடியரசுத் தலைவர் அப்பொறுப்பை ஏற்பார் என்கிறது அரசமைப்பின் 65ஆவது உறுப்பு. அமெரிக்காவைப் போல எஞ்சிய பதவிக்காலம் அவருக்குக் கிடைக்காது. ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். தலைவர் நோயுற்றாலோ இல்லாதிருந்தாலோ, அவர் திரும்பும்வரை பணிகளைக் கவனிப்பதும் துணைத் தலைவரே. அந்நாட்களில் மாநிலங்களவையை அவர் நடத்த முடியாது.

இராஜேந்திர பிரசாத் 1961இல் நோயுற்றபோது இராதாகிருஷ்ணன் இப்படிப் பொறுப்பில் இருந்தார். ஜைல் சிங் 1982 அக்டோபரில் இதய அறுவைச் சிகிச்சைக்கு அமெரிக்கா சென்றபோது அன்றைய துணைத் தலைவர் இதாயத்துல்லா இருந்தார்.

ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 1969இல் வந்தது. மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானார். பதவியிலிருக்கும்போதே இறந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். வி.வி.கிரி, துணைத் தலைவர் என்ற முறையில் பொறுப்பேற்றார். அவரும் விலகினால் யார்? அரசமைப்பில் விடை இல்லை. 70ஆவது உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அளித்திருந்த அதிகாரத்தைக் கொண்டு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியையும், அவரும் இல்லையெனில் மூத்த நீதிபதியையும் குறிக்கும் சட்டம் அதே மாதம் இயற்றப்பட்டது. அவசரம் வீண்போகவில்லை. ஜூலை 19 அன்று வங்கி தேசியமயமாக்கல் அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்ட கிரி, தேர்தலில் நிற்பதற்காக மறுநாளே விலகினார். தலைமை நீதிபதி இதாயத்துல்லா ஆகஸ்ட் 24 வரை நாட்டின் தலைவரானார்; டெல்லி வந்த அமெரிக்க அதிபர் நிக்சனை வரவேற்றவரும் அவரே.

பொறுப்புத் தலைவர் வெறும் கையொப்பக்காரர் அல்லர் என்பதை 1977 காட்டியது. பக்ருதீன் அலி அகமதுவின் மறைவுக்குப் பின் பொறுப்பேற்ற பி.டி.ஜாட்டி, ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கும் மொரார்ஜி அரசின் பரிந்துரைக்கு உடனே இசையவில்லை. தயங்கி, ஏப்ரல் 30 அன்றுதான் ஒப்பமிட்டார்.

ஓர் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. தலைவர் நினைவிழந்து கிடந்தால், செயல்பட இயலாதவர் என்று முடிவு செய்வது யார் என்பதை 65ஆவது உறுப்பு சொல்லவில்லை. இலங்கை அரசமைப்பு அதைத் தலைமை நீதிபதியிடம், சபாநாயகரைக் கலந்தாலோசிக்கும் நிபந்தனையோடு ஒப்படைக்கிறது. அமெரிக்காவில் 1967இன் 25ஆவது திருத்தம் துணை அதிபருக்கும் அமைச்சரவைப் பெரும்பான்மைக்கும் தருகிறது.