ஆசிரியர் என்னும் பொதுப்பெயர்

கொடிகாமத்துப் பாடசாலைகளில் இரு விளிகள் இன்றும் செவிப்படும். கற்பிப்பவர் ஆணாயின் 'சேர்', பெண்ணாயின் 'ரீச்சர்'. இவை இணையான சொற்களல்ல. முன்னது ஆங்கிலேயர் மேலோரை விளித்த மரியாதைச் சொல். பின்னது செய்தொழிலின் பெயர். ஒரே வகுப்பறையில் ஆணுக்கு மதிப்பையும் பெண்ணுக்குத் தொழிலையும் பெயராக்கிய இவ்வழக்கின் வரலாறு சிந்திக்கற்பாலது.

நன்னூற் பொதுப்பாயிரம் கூறும் இலக்கணம் ஆசிரியனுக்கு உரியது. ஆசிரியை ஆங்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் வழங்கிய 'சட்டம்பியார்', 'வாத்தியார்' என்பனவும் ஆடவரையே சுட்டின. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் மகளிர் பாடசாலையை நிறுவினர். பெண்கல்வி பரவ, கற்பிக்கும் பெண்டிரும் பெருகினர். அவரைக் குறிக்க 'உபாத்தியாயினி', 'ஆசிரியை' என்னும் சொற்கள் வழங்கலாயின. வடமொழி இலக்கணகாரர் தாமே கற்பிப்பவளை 'ஆசார்யா' என்றும், ஆசிரியரின் மனைவியை 'ஆசார்யானீ' என்றும் முன்னரே பிரித்துரைத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அண்மைக்காலத்தில் இப்பிரச்சினையை நேராக எதிர்கொண்டது கேரளமாகும். பாலக்காட்டு மாவட்டத்து மாத்தூர்ப் பஞ்சாயத்து 2021இல் தன் அலுவலகத்தில் 'சேர்', 'மேடம்' என்னும் விளிகளைக் கைவிட்டது. 2023 சனவரியில் அம்மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணைக்குழு, பாடசாலைகளில் ஆண் பெண் இருபாலாரையும் 'ரீச்சர்' என்றே அழைக்குமாறு பணித்தது. ஆங்கும் அச்சொல் பெரும்பாலும் பெண்டிர்க்கே வழங்கியது. ஆண்பாற் சொல்லைப் பொதுவாக்குதலே உலகவழக்கு. ஈண்டோ பெண்ணின் பெயரே பொதுப்பெயராயிற்று. இதுவே அப்பணிப்பின் தனிச்சிறப்பு.

எனினும் அம்மாற்றத்தை அவ்வாறே நாம் ஏற்பதில் ஓர் இடருண்டு. மலையாள வினைமுற்று பால் காட்டாது. பெயர் மாறின் போதும். நம் பேச்சிலோ 'சேர் வந்தார்', 'ரீச்சர் வந்தா' என வினையே பாலை உணர்த்திவிடும். ஆயினும் எழுத்துத் தமிழில் 'ஆசிரியர் வந்தார்' என்பது இருபாலார்க்கும் பொது. ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல் வழக்கைத் தொல்காப்பியர் இலக்கண நெறியன்று என்றாரேனும், வழக்கென உடன்பட்டார். அவ்வழக்கே இன்று பால்வேற்றுமை கடந்த மரியாதையை நமக்குத் தருகின்றது.

எனவே புதுச்சொல் தேடவேண்டியதில்லை. பெயர்ப்பலகையிலும் வரவுப் பதிவேட்டிலும் 'ஆசிரியை' என வேறாகக் குறியாது, இருபாலாரையும் 'ஆசிரியர்' என்று எழுதுதலே முதற்படி. கற்பித்தல் ஒன்றாயின், கற்பிப்பவர்க்குப் பெயர் இரண்டு எதற்கு?