காரணம்: காய்ச்சல்

ஈப்போவில் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா என்று பலகை மாட்டியிருக்கும் சாலையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் புரூஸ்டர் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு கடையில் என் சித்தி மகளோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அவசரப் பிரிவு டாக்டர். இரவுப் பணி முடித்து நேராக வந்திருந்தாள். அவசர சிகிச்சையில் மேற்படிப்பு, அதற்கு ஓர் ஆய்வேடு. நடுராத்திரி மூன்று மணிக்கு நேரக் குறிப்பு எழுத எதுவும் கிடைக்காமல் கையுறைப் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதியிருக்கிறாள். அந்த அட்டையும் பைக்குள் இருந்தது.

“எல்லாருக்கும் ஒரே கேள்விதாண்ணே. எப்ப கிளினிக் தொறக்கப் போற?”

படிப்பு முடிந்ததும் அவளுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டும், ஆராய்ச்சி செய்யவேண்டும், வெளிநாட்டுப் பேரிடர்க் குழுக்களோடு போகவேண்டும். சித்தப்பாவுக்கு இது விளங்கவில்லை. “எமெர்ஜென்சி டாக்டருக்கு என்னம்மா ஆராய்ச்சி? வர்றவங்களை மேல அனுப்புனா போதாதா?” என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னது மேல்மாடி வார்டை. அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இதே ரோட்டில் இருந்தது. 1937இல் சீனாவிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஒரு டாக்டர் இங்கே சாதாரண கிளினிக் நடத்தினார். பெயர் வூ லியன் தே. (இதே ரோட்டில்தான் காதிகாசு தம்பதியின் கிளினிக்கும் இருந்தது. சிபில் காதிகாசுவை நம்மில் பலருக்குத் தெரியும். அது வேறு கதை.)

வூ 1879இல் பினாங்கில் பிறந்தார். 1896இல் அரசியார் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் போய் மருத்துவம் படித்தார். திரும்பி வந்தபோது மலாயாவின் அரசு மருத்துவ சேவையில் அவருக்கு டாக்டர் பதவி கிடையாது. அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். 1903இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஏறக்குறைய ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பிறகு பினாங்கில் கிளினிக். அபினுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். 1907இல் அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டு, அங்கிருந்த சிறிது அபின் கரைசலைக் காட்டி அவருக்கே அபராதம் போட்டார்கள். அடுத்து அவர் போனது தியன்ஜின் ராணுவ மருத்துவக் கல்லூரிக்கு.

1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரத்தில் ஆட்கள் இருமி ரத்தம் கக்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். பெய்ஜிங் அரசு வூவை அனுப்பியது. வயது 31. சீன மொழியே அவருக்குச் சரளம் இல்லை. போன சில நாளில், செத்துப்போன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை ரகசியமாக அறுத்துப் பார்த்தார். பிண அறுவைச் சோதனையைச் சமூகம் ஒத்துக்கொள்ளாத காலம். உள்ளே பிளேக் கிருமி இருந்தது.

பிளேக் என்றால் எலி, எலி என்றால் தெள்ளுப்பூச்சி. 1896இல் பம்பாயில் தொடங்கி உலகமே படித்திருந்த பாடம் அது. ஹார்பினில் எலிகளைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் இது மூச்சுக்காற்றில், மனிதரிடமிருந்து மனிதருக்கே தாவுகிறது என்றார் வூ. இரண்டடுக்கு மெல்லிய துணிக்கு நடுவே பஞ்சு வைத்து முகக்கவசம் செய்து எல்லாரையும் மாட்டச் சொன்னார். அனுபவசாலியான பிரெஞ்சு டாக்டர் மெஸ்னி இதை ஏற்கவில்லை. சீனன் நீ எனக்குச் சொல்வதா என்று சீறிவிட்டு, கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அவரும் பிளேக்கில் இறந்தார்.

அதற்குப்பின் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ரஷ்யர்களிடம் ரயில் பெட்டிகளைக் கடன் வாங்கி, தொற்றுள்ளவர்களோடு பழகியவர்களை அவற்றில் தனியே வைத்தார்கள். பூமி பனியில் உறைந்திருந்ததால் குழி தோண்ட முடியவில்லை. 2000க்கு மேற்பட்ட பிணங்கள் வெளியே குவிந்து கிடந்தன. முன்னோரை எரிப்பது சீனர் மரபில் பெரும் பாவம். வூ அரசிடம் எழுதி அனுமதி வாங்கி, 1911 ஜனவரி 31 அன்று, சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், எரித்தார். மார்ச் தொடக்கத்தோடு ஹார்பினில் நோய் நின்றது. மஞ்சூரியாவில் மொத்தம் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

இதுவரை உள்ள கதையை 2020 கோவிட் காலத்தில் எல்லாரும் வாட்சப்பில் அனுப்பினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஏப்ரலிலேயே முக்டன் நகரத்தில் 11 நாட்டு விஞ்ஞானிகள் கூடிய பிளேக் மாநாட்டுக்கு வூதான் தலைவர். 1912இல் மஞ்சூரிய பிளேக் தடுப்புச் சேவையைத் தொடங்கினார். காட்டு மர்மோட் என்ற பெரிய அணில்வகை விலங்கிலிருந்து நோய் வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார். 1920-21இல் நோய் திரும்ப வந்தபோது 10,000க்கும் குறைவானவர்களே இறந்தார்கள். 1926இல் நுரையீரல் பிளேக் பற்றி அவர் எழுதிய பெருநூலை ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. அதே ஆண்டு ஹார்பினில் ஒரு மருத்துவக் கல்லூரி எழுப்பினார். 1935இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவசரத்துக்கு ஓடியவர், அவசரம் முடிந்த பிறகும் அதை விடவில்லை. என் தங்கை கேட்பதும் அந்தப் பிழைப்பைத்தானே? வூ அவளுக்கு நேர்மாறாகப் பயணம் செய்தார் என்பதுதான் வேடிக்கை. உலகத்திலிருந்து ஈப்போ கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். கிட்டத்தட்ட கடைசிவரை நோயாளிகளைப் பார்த்தார், இந்த ஊரில் பொது நூலகம் அமையப் பணம் திரட்டினார், 1960இல் பினாங்கில் இறந்தார்.

இந்த இடத்தில் அவள் கேட்டாள்: “சரிண்ணே, இதுல நம்மாளுங்க எங்க?”

இருக்கிறோம், ஆனால் வேறு இடத்தில். வூ ஆராய்ந்த அதே பெரிபெரி, ஈய லம்பங்களில் சீனத் தொழிலாளர்களைக் கால் வீங்க வைத்துக் கொன்றுகொண்டிருந்தது. தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. நெகிரி செம்பிலான் டாக்டர் பிராடன் இதைக் கவனித்து, 1907இல் புத்தகமாகவே எழுதினார். சீனர்கள் தின்றது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரியில் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் யாரும் இல்லை. அடைபட்டிருந்த அவர்கள் மறுக்கும் நிலையில் இல்லை. நம் பாட்டிகள் நெல்லை அவித்துக் காயவைத்த பழக்கம் மருத்துவ வரலாற்றில் ஒரு தடயமாக நுழைந்தது அப்படித்தான். நாம் தடயமாக இருந்தோம். எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

தோட்டத்தில் நமக்குக் கிடைத்த உயர்ந்த மருத்துவப் பதவி டிரெசர். பல தோட்டங்களுக்கு ஒரு டாக்டர், அவர் எப்போதாவது காரில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் பால்வெட்டும்போது பாம்பு கடித்தாலும், உளி கையைக் கிழித்தாலும், லயத்தில் பிரசவம் சிக்கினாலும் டிரெசர் ஐயாதான். கொய்னா, தையல், ஊசி, ஒரு பதிவேடு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அந்தப் பதிவேடுகள் எங்கே போயின என்று யாரும் தேடவில்லை. ஆனால் அந்த வேலை செத்துப் போகவில்லை. டிரெசர், ஆஸ்பத்திரி அசிஸ்டென்ட் ஆகி, மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆகி, இன்று துணை மருத்துவ அதிகாரி என்ற பெயரில் அவசரப் பிரிவு வாசலில் நிற்கிறது. யார் முதலில் உள்ளே போகவேண்டும் என்று பிரிப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

இனி 1998. அவசர சிகிச்சைக்கென்று நிபுணர் படிப்பை யூ.எஸ்.எம். கிளந்தானில் தொடங்கிய ஆண்டு. அதே ஆண்டு செப்டம்பரில், ஈப்போவைச் சுற்றிய கிந்தா மாவட்டத்தில் பன்றிப் பண்ணை ஆட்கள் காய்ச்சலும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்று முடிவாயிற்று. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் கேட்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றால் குழந்தைகளைத்தானே அதிகம் பிடிக்கவேண்டும்? இங்கே விழுந்தது வளர்ந்த ஆண்கள். கொசு என்றால் பக்கத்து மலாய்க் கம்பத்தையும் கடிக்குமே? விழுந்ததோ பன்றியைத் தொட்டவர்கள். எலி இல்லாத பிளேக் மாதிரிதான் இதுவும். பதில் ஊருக்கே தெரிந்திருந்தது, ஆனால் நோய் அதற்குப் பொருந்தவில்லை.

இதற்குள் கிந்தா பன்றிகள் தெற்கே விற்கப்பட்டு நோயும் லாரியேறிப் போனது. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா கா பிங் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் உறுதி செய்தார். சுங்கை நிப்பா என்ற கம்பத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ராணுவத்தை இறக்கிப் பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். பழமரங்களை நாடி வந்த பழந்தின்னி வௌவால்களிலிருந்து கீழே பன்றிக் கொட்டகைக்கு அது இறங்கியிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே ஆறு மாதம். வாசலில் நின்ற யாராவது அன்றே ஒரு கையுறைப் பெட்டி அட்டையில், ‘வயது 40, பன்றிப் பண்ணை, தடுப்பூசி போட்டவர்’ என்று வரிசையாக எழுதியிருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எழுதியுமிருக்கலாம்.

கடையிலிருந்து கிளம்பி சுங்கை சிப்புட்டில் பாட்டியைப் பார்க்கப் போனோம். 85 வயது. பாட்டியின் அப்பா 1952இல் தோட்டத்தில் இறந்தவர். இறப்புச் சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று மட்டும் இருக்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அதில் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. தங்கை அதைக் கையில் வாங்கியதும் நெற்றி சுருங்கியது.

“பாட்டி, அப்ப தாத்தா என்ன வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு?”

“பால்வெட்டுதான். அந்த மாசம் புதுக்காட்டுல லாலான் வெட்டச் சொன்னாங்க.”

“எத்தனை நாள் காய்ச்சல்?”

“பத்துப் பன்னெண்டு நாளு. டிரெசர் ஐயா கொய்னா குடுத்தாரு. கேக்கல.”

“உடம்புல புண்ணு ஏதாச்சும் இருந்துச்சா? கருப்பா?”

பாட்டி அவளையே பார்த்தார். “நாந்தானே ஈரத்துணி வச்சுத் தொடைச்சேன். இடுப்புக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சு. சிகரெட்டால சுட்ட மாதிரி. அட்டை கடிச்சதுன்னு விட்டுட்டோம். உனக்கு எப்படித் தெரியும்?”

தங்கை பதில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் காரில்தான் சொன்னாள். லாலான் புல்லில் இருக்கும் சிறு உண்ணிப் பூச்சி கடித்து வரும் டைஃபஸாக இருக்கலாம். கருகிய புண் அதற்கு அடையாளம். கொய்னா அதற்குக் கேட்காது. 1948இல் ஸ்மேடல் என்ற அமெரிக்க டாக்டரின் குழு குளோரோமைசெட்டின் கொடுத்து அதைக் குணமாக்கிக் காட்டியது.

“எங்க?” என்றேன்.

“கோலாலம்பூர்லதாண்ணே.”

பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, ஓரத்தில் இடம் இருந்த பக்கம் எழுதினாள்: 1952, சுங்கை சிப்புட், ஆண், லாலான், பன்னிரண்டு நாள். பேனா நின்றது.

“தாத்தாவுக்கு வயசு என்னண்ணே?”

எனக்குத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.