ஏடிஸ் கொசு: இனங்காணலும் தடுத்தலும்

அந்தியூர்ப் பகுதியில் குழாய் நீரைத் தொட்டியிலும் டிரம்மிலும் சேமித்து வைப்பவரா நீங்கள்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட அத்தகைய தெளிந்த நீரையே நாடும். கரிய உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் இருக்கும். பெரும்பாலும் பகலில் கடிக்கும்.

நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்தை ஒட்டிய உட்சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் அழியாமலிருந்து, மீண்டும் நீர் நிரம்பியதும் பொரியும். ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் கொசுவாகும். ஆகவே வாரம் ஒருமுறை உட்புறத்தை நன்கு தேய்த்துக் கழுவி, உலர்த்தி, இடைவெளியின்றி மூடவும். மாட்டுத் தொட்டியும் முற்றத்து ஆட்டுரலும் இதற்கு விலக்கல்ல.

வீட்டில் டெங்கு நோயாளி இருப்பின், அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்கவும். அவரைக் கடிக்கும் கொசுவே மற்றவர்க்கும் நோயைக் கொண்டு சேர்க்கும். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் தணிந்திருந்தாலும்கூட, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.