பொய்க் கணக்கும் பொறிக் கண்ணும்



மனிதன் கணக்கு எழுதத் தொடங்கிய நாளிலேயே பொய்க் கணக்கும் பிறந்துவிட்டது எனலாம். அதனைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு காலத்தாரும் தமக்கேற்ற வழியை வகுத்துக்கொண்டனர். 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்னும் துறவி, இரட்டைப் பதிவு முறையைத் தம் கணித நூலில் விளக்கி அச்சேற்றினார். ஓரிடத்தில் பற்றாக எழுதப்படுவது பிறிதோரிடத்தில் வரவாகவும் எழுதப்படும். இரண்டும் ஒவ்வாவிடின் எங்கோ பிழை உண்டு என்பது வெளிப்படும். 1938-இல் பிராங்க் பென்ஃபோர்டு என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர், இயல்பாகத் திரளும் பலவகை எண் தொகுதிகளில் 1 என்னும் இலக்கம் நூற்றுக்கு ஏறத்தாழ 30 முறை முதலில் நிற்பதையும், 9 என்பது 5 முறைக்கும் குறைவாகவே நிற்பதையும் எடுத்துக் காட்டினார். பிற்காலத்துத் தணிக்கையாளர் இவ்வுண்மையைக் கைக்கொண்டு, கற்பனையாய் இட்டு நிரப்பிய கணக்குகளை ஐயுறக் கற்றனர்.

இவ்வரிசையில் இறுதியாக வந்தது கிரிப்டோ நாணயம். 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. 2009 ஜனவரி 3-இல் பிட்காயினின் முதற் பதிவு எழுதப்பெற்றது. இந்நாணயத்திற்கு அரசன் இல்லை, வங்கி இல்லை, உள்ளது ஒரு பேரேடு மட்டுமே. அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணிப்பொறிகளில் வைக்கப்பட்டுள்ளன. யார் வேண்டுமாயினும் அதனைப் படிக்கலாம். ஒருமுறை எழுதியதை அழிப்பதோ அரிது. ஆனால் அதில் ஆட்பெயர்கள் இல்லை. எழுத்தும் இலக்கமும் கலந்த முகவரிகளே உள்ளன. எல்லாரும் முகமூடி அணிந்து திறந்த வெளியில் நடத்தும் சந்தை என்று இதனைக் கருதிக்கொள்ளுங்கள்.

முகமூடியைக் கண்ட கள்வர் சும்மா இருப்பரோ? 2014 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்த மவுண்ட் காக்ஸ் என்னும் நாணய மாற்றகம், ஏறத்தாழ 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை என்று கூறி நொடித்தது. அவற்றுள் 2,00,000 பின்னர்க் கிடைத்தன. எஞ்சியவற்றை நம்பியிருந்தோர் பல்லாண்டுகள் வழக்கு மன்றத்தை நோக்கிக் காத்திருந்தனர்.

எனினும் பேரேடு வெளிப்படையானது என்பதை அறிஞர் மறக்கவில்லை. 2013-இல் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தின் சான் டியேகோ பிரிவைச் சார்ந்த சாரா மைக்கிள்ஜானும் அவருடைய துணைவரும் ஓர் எளிய உண்மையைப் பயன்கொண்டனர். ஒரே செலவில் பல முகவரிகளின் பணம் சேர்ந்து வருமாயின், அம்முகவரிகள் ஒருவருக்கே உரியனவாகலாம் என்பதே அது. இரண்டு மாணவர்களின் விடைத்தாள்களில் ஒரே விந்தையான பிழை தோன்றினால், அவ்விரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று ஆசிரியர் உய்த்துணர்வதில்லையா? அத்தகைய உய்த்துணர்வே இதுவும்.

ஆயினும் இலட்சக்கணக்கான பதிவுகளை மனிதக் கண்ணால் ஒவ்வொன்றாக நோக்குதல் இயலுவதன்று. ஈண்டுத்தான் இயந்திரக் கற்றல் துணைக்கு வந்தது. இன்னது குற்றம் என விதிகளை நாம் எழுதிக் கொடுப்பதில்லை. தீர்ப்புத் தெரிந்த பழைய பதிவுகளைக் காட்டுகின்றோம். பொறி தானே அவற்றினின்று வேறுபாட்டைக் கற்றுக்கொள்கின்றது. 2019-இல் எலிப்டிக் என்னும் லண்டன் நிறுவனமும், எம்.ஐ.டி. — ஐ.பி.எம். ஆய்வகத்தினரும் 2,03,769 பிட்காயின் பரிமாற்றங்களைக் கொண்ட தொகுதி ஒன்றை வெளியிட்டனர். அவற்றுள் 4,545 தீயன எனவும், 42,019 நேரியன எனவும் அறியப்பட்டிருந்தன. ஏனையவற்றின் தன்மை தெரியாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தன்மை தெரிந்தவை அனைத்தையும் நேரியவை என்றே ஒரு பொறி சொல்லுமாயின், அது நூற்றுக்கு 90 முறை சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு கள்வனையும் பிடித்திராது! ஆகவே மதிப்பெண்ணை மட்டும் நோக்கி மயங்குதல் கூடாது.

அவ்வாய்வில் சிறந்து நின்றது ரேண்டம் ஃபாரஸ்ட் என்னும் முறை. பல தேர்வாளர் தனித்தனியே மதிப்பிட, பெரும்பான்மையோர் கருத்தை ஏற்பது போன்றது அது. தீயது என்று அது சுட்டியவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ 95 உண்மையில் தீயவை. ஆனால் இருந்த தீயவற்றுள் மூன்றில் இரண்டு பங்கே அதன் வலையில் விழுந்தன. அதனினும் வியப்பு ஒன்று உண்டு: தொகுதியின் 49 காலப்பகுதிகளுள் 43-ஆவதில் ஒரு கள்ளச் சந்தை மூடப்பட்டது. அதன்பின் எல்லா முறைகளுமே தடுமாறின. கள்வர் வழியை மாற்றினர். பொறியோ பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டிருந்தது.

இதனினும் கவலைக்குரியது மற்றொன்று. பொறி சுட்டிய நூற்றுவருள் ஐவர் குற்றமற்றவராயின், அவர்தம் நிலை யாது? இங்கிலாந்தில் நிகழ்ந்ததை நினைவிற்கொள்வோம். அங்கே அஞ்சலகங்களில் நிறுவப்பட்ட ஹொரைசன் என்னும் கணிப்பொறி முறை, இல்லாத பற்றாக்குறைகளை இருப்பனவாகக் காட்டியது. அது கற்கும் பொறியன்று. வெறும் கணக்குப் பொறியே. ஆயினும் அதன் கூற்றை நம்பி, 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கு மேற்பட்ட கிளை அஞ்சலகத்தார் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், பலர் உடைமையிழந்தனர். 2024-இல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, அத்தகைய தீர்ப்புகளை ஒருசேர நீக்கியது. இழந்த ஆண்டுகளை எச்சட்டம் மீட்டுத் தரும்?

"பலநாள் திருடன் ஒருநாள் அகப்படுவான்" என்பது நம் பழமொழி. அழியாத பேரேடும் அயராத பொறியும் சேர்ந்து அந்நாளை விரைவில் வரச்செய்யலாம். ஆனால் பொறி காட்டுவது ஐயம் மட்டுமே. அது சான்று ஆகாது. ஐயத்தை ஆராய்ந்து, குற்றம் சாட்டப்பட்டவன் சொல்வதையும் கேட்டு, முடிவு கூறுதல் மனிதன் கடமை. நாளை உங்களுள் சிலர் இத்தகைய பொறிகளை ஆக்குவீர்கள். சிலர் அவற்றின் கூற்றை வைத்துத் தீர்ப்பும் வழங்குவீர்கள். அப்பொழுது, பொறி எத்தனை பேரைப் பிடித்தது என்று வினவுவதோடு, பிடிபட்டவருள் குற்றமற்றவர் எத்தனை பேர் என்றும் வினவுங்கள்.