பாடசாலைக் கிரிக்கெட்டிலிருந்து தேசிய அணிக்கு: தகுதி குறித்த ஐயம்

பத்தொன்பது வயதுக்குட்பட்ட பாடசாலைக் கிரிக்கெட்டில் ஒரு பருவம் முழுவதும் ஓட்டங்களோ விக்கெட்டுகளோ குவித்த மாணவர் சர்வதேச ஆட்டத்துக்கு உடனே தயாரா என்ற கேள்வி, 1981இல் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்த காலம் முதல் தேர்வாளர்களைப் பின்தொடர்ந்து வருகிறது. ரோயல் - தோமியன், வடக்கின் பெருஞ்சமர் போன்ற ஆட்டங்கள் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டுவதால், கழகக் கிரிக்கெட்டில் ஒரு பந்துகூட எதிர்கொள்ளாத மாணவரின் பெயர் நாடெங்கும் பரவிவிடுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்துபவர்) தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாரா என்று ஆண்டுதோறும் எழும் ஐயமும் இதே வகையைச் சேர்ந்தது. தொழில்முறை அணிகள் நடத்தும் வருடாந்த வீரர் தேர்வில் 1998இல் இரண்டாவது ஆளாகத் தேர்வான ரயன் லீஃப் சில பருவங்களிலேயே ஆட்டத்தை விட்டு நீங்கினார். 2000இல் 199ஆவது ஆளாகத் தேர்வான டொம் பிரேடி ஏழு முறை சூப்பர் போல் வென்றார். மாணவப் பருவப் புள்ளிவிபரம் ஆட்டக்காரரின் திறமையோடு அவர் எதிர்த்தாடியவர்களின் பலவீனத்தையும் சேர்த்தே அளக்கிறது. ஆகவே ஐயப்படுவது நியாயம். அந்த ஐயம் அவரை அடுத்து எங்கே அனுப்பிச் சோதிப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டுமே தவிர, அவரை ஒதுக்கிவைக்கும் காரணமாகக் கூடாது.

முத்தையா முரளிதரனின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. தேயிலைத் தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்தவரின் பேரன் அவர். கண்டி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகத் தொடங்கி, பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் யோசனைப்படி பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாறினார். 1990/91 பருவத்தில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்து, ஆண்டின் சிறந்த பாடசாலை வீரரானார். அதே 1991இல் இலங்கை 'ஏ' அணியோடு இங்கிலாந்து சென்று ஐந்து ஆட்டங்களில் பந்துவீசியபோது ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பயணத்தை மட்டும் பார்த்தவர் 'பாடசாலைப் பையன்களுக்கு மட்டுமே ஏற்ற பந்துவீச்சு' என்று தீர்ப்பெழுதியிருக்கலாம். தேர்வாளர்கள் அப்படி எழுதவில்லை. தமிழ் யூனியன் கழகத்தில் ஆடியவரை 1992 ஓகஸ்ட் 28இல் கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இறக்கினார்கள். அந்த டெஸ்டில் 141 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினார். 2010 ஜூலையில் காலியில் ஓய்வுபெற்றபோது கணக்கு 800.

மார்வன் அத்தபத்துவின் தொடக்கம் இன்னும் கொடுமையானது. இருபது வயதில், 1990 நவம்பரில் சண்டிகாரில் ஆடிய முதல் டெஸ்டில் இரு இனிங்ஸிலும் பூச்சியம். 1994 வரை ஆடிய மூன்று டெஸ்ட்களின் ஆறு இனிங்ஸில் அவர் எடுத்தது ஒரே ஓட்டம். பின்னர் அதே துடுப்பாட்டக்காரர் 5,500க்கும் மேற்பட்ட ஓட்டங்களும் ஆறு இரட்டைச் சதங்களும் குவித்தார். அந்த ஆறு இனிங்ஸைக் கொண்டு 'இவர் தேறமாட்டார்' என்று முடிவுகட்டியிருந்தால் அது பெரும் பிழையாகியிருக்கும். மீண்டும் மீண்டும் அழைத்ததுதான் பயன் தந்தது.

இதற்கு மறுப்பாக அர்ஜுன ரணதுங்கவைக் காட்டுவோர் உண்டு. ஆனந்தா கல்லூரி மாணவராக இருந்தபோதே, பதினெட்டு வயதில், 1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்டில் ஆடி 54 ஓட்டங்கள் எடுத்தார். நாட்டின் முதல் டெஸ்ட் அரைச்சதம் அதுவே. பாடசாலைக்கும் டெஸ்டுக்கும் நடுவே இடைப்படி எதற்கு என்பது இவர்களின் கேள்வி. ஆனால் உள்நாட்டுக் கழகப் போட்டிக்கு முதல்தர அந்தஸ்து 1988/89 பருவத்தில்தான் கிடைத்தது. 1982இல் அத்தகைய இடைப்படியே இங்கு இருக்கவில்லை. மேலும் 1985 செப்டெம்பரில் இந்தியாவுக்கு எதிராக, 17 வயதும் 189 நாளும் ஆன நிலையில் அறிமுகமான சஞ்சீவ வீரசிங்க, தம் நாட்டின் மிக இளைய டெஸ்ட் வீரர் என்ற பெயரோடு அந்த ஒரே டெஸ்டுடன் நின்றுவிட்டார். ஒருவர் தப்பிப் பிழைத்தார் என்பதற்காக எல்லாரையும் ஆழத்தில் தள்ளிவிடுவது தேர்வு முறை ஆகாது. காத்திருந்தால் இளமை வீணாகும் என்ற மறுப்பு வலுவானது. எனினும் காத்திருப்பு என்பது ஆடாமல் இருப்பதல்ல. கழகம், 'ஏ' அணி, இப்போது லங்கா பிரீமியர் லீக் என்று படிகள் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் அறிமுகமாகி, 2024 மே மாதம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஆடும் அளவுக்கு வளர்ந்தது இப்படித்தான்.

இந்த விவாதம் முழுவதும் ஒரு முன்நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஐயப்படுவதற்கேனும் மாணவருக்கு ஓர் ஆட்டப்பதிவு இருக்க வேண்டும். முரளிதரனுக்கு அதைத் தந்தது கடினப்பந்துக் கிரிக்கெட் வேரூன்றிய கல்லூரி. கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்திய தந்தையால் அவரை அங்கே விடுதியில் சேர்க்க முடிந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகல பகுதித் தேயிலை, இறப்பர் தோட்டங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் மென்பந்தோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் தயாரா இல்லையா என்று எந்தத் தேர்வாளரும் தலையைச் சொறிந்ததில்லை. கண்ணில் பட்டால்தானே ஐயம் எழும். சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கடினப்பந்தும் ஓர் ஆடுதளமும் ஒரு பயிற்றுநரும் முதலில் வரட்டும். தகுதி பற்றிய ஐயங்களைத் தேர்வாளர்கள் அதற்குப் பிறகு எழுப்பட்டும்.