கதவுக்கு அப்பால் கேட்ட ஒலி

ஷேர்லி ஜக்சன் 1959இல் எழுதிய 'த ஹோண்டிங் ஒஃப் ஹில் ஹவுஸ்' நாவலை ரொபேர்ட் வைஸ் 1963இல் 'த ஹோண்டிங்' எனக் கறுப்பு வெள்ளையில் படமாக்கினார். பேய் எந்தக் காட்சியிலும் வராது. இரவில் இரு பெண்கள் கட்டிலில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருக்க, வெளியே ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே நெருங்கும். அவர்களது கதவருகே வந்து நிற்கும். அவ்வளவுதான். ஒலியோ ஒற்றைத் தடம். 2003இல் டிவிடியாக வந்தபோதும் அப்படியே.

1999இல் ஜான் டி பொன்ட் அக்கதையை மீண்டும் எடுத்தார். ஒலியமைப்பு கரி ரைட்ஸ்ட்ரொம். பார்வையாளரின் முதுகுப் பக்கமிருந்தும் ஒலி வரவேண்டுமென்று டொல்பி நிறுவனத்தோடு சேர்ந்து, அதே ஆண்டின் 'ஸ்டார் வோர்ஸ்' படத்துக்காக 'சரவுண்ட் இஎக்ஸ்' முறையை உருவாக்கியவர் அவர். ஆண்டு முடியுமுன்னரே படம் டிவிடியாயிற்று. கணினியில் வரைந்த பேய்களை விமர்சகர்கள் பரிகசித்தார்கள். ஆயினும் ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தாழொலிப் பெட்டியும் வாங்கி வைத்தவர்கள், அவற்றைச் சோதித்துப் பார்க்க இந்த டிவிடியைத்தான் தேடினார்கள். மரம் முனகுவதையும் கதவுகள் அதிர்வதையும் ரைட்ஸ்ட்ரொம் அத்தனை நுட்பமாக அமைத்திருந்தார், அதை மறுப்பதற்கில்லை.

என்னிடமிருந்தது ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி. அதில் இரண்டாவது படம் வெறும் இரைச்சலாகவே கேட்டது. வைஸின் படத்தைப் போட்ட இரவிலோ, எழுந்து போய் வாசற்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன்.