கொல்லைச் செடியும் உரிமச் சீட்டும்: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கஞ்சா

கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வேளாண் வரலாற்றில் நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் பெற்ற இடத்தைக் கஞ்சா ஒருநாளும் பெற்றதில்லை. ஆயினும் அது அம்மண்ணுக்கு அறிமுகமற்ற செடியன்று. சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களில் அது பெரும்பாலும் வயற்பயிராக அன்றி வீட்டுக் கொல்லையிலும் கிணற்றடியிலும் ஒன்றிரண்டாக நின்ற செடியாகவே இருந்தது. தீர்வைக் கணக்குகள் வயலை அளந்தனவேயன்றிக் கொல்லையில் நின்ற செடிகளை எண்ணவில்லையாதலால், அதன் வரலாற்றைத் தேடுபவர் வேளாண் ஆவணங்களை விட்டு, பயணிகளின் குறிப்புகளிலும் மருத்துவ நூல்களிலும் மது வருவாய்த் துறையின் ஏடுகளிலும் நுழைய வேண்டியிருக்கிறது.

வயலுக்கு அது வராமல் போனதற்கு நிலமே முதற்காரணம். கஞ்சாவின் வேர் தேங்கிய நீரைத் தாங்காது. 1836 இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்ட பின்னர், வீராணம் ஏரியின் பாய்ச்சலோடு சேர்ந்து, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதியின் வண்டல் நிலம் முழுவதும் நெல்லுக்கே உரியதாயிற்று. கடலூருக்கு மேற்கே பண்ருட்டி வரை விரியும் செம்மண் மேட்டில் நீர் நிற்பதில்லை. அங்கு அது விளைந்திருக்கக்கூடும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் புதுச்சேரி வழியாக நிலக்கடலை கப்பலேறத் தொடங்கியதும், புன்செய் உழவருக்கு அதைவிட நல்ல விலைதரும் பயிர் வேறு தேவைப்படவில்லை. போதைக்கோ பனையும் தென்னையும் தந்த கள் எங்கும் மலிவாகக் கிடைத்தது.

ஆகவே இவ்வட்டாரத்தில் கஞ்சா, தொடக்கத்திலிருந்தே, ஒருபாதி கொல்லைச் செடியாகவும் மறுபாதி வெளியூர்ச் சரக்காகவும் இருந்தது எனலாம். 1669 முதல் 1679 வரை சோழமண்டலக் கரையிலும் வங்கக் கரையிலும் வாணிகம் செய்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலேயர், 1905 இல் தான் அச்சேறிய தம் பயணக் குறிப்பில், இந்நாட்டில் விளையும் பங்கி என்னும் வகையை வேறாகவும், சுமத்ராத் தீவிலிருந்து வரும் கஞ்சாவை வேறாகவும் பிரித்துப் பேசுகிறார். பின்னது முன்னதைப் போல ஐந்து மடங்கு விலைக்கு விற்றதாம். சிதம்பரத்துக்குக் கிழக்கே வெள்ளாற்று முகத்தில் உள்ள பரங்கிப்பேட்டை அக்காலத்தில் மரக்காயர் கப்பல்கள் சுமத்ராவின் ஆச்சே துறைமுகத்துக்குத் துணி ஏற்றிச் சென்று திரும்பிய ஊர் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், அக்கடல்வழிச் சரக்குகளுள் இதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எழுகிறது. இது ஊகமே, சரக்குப் பட்டியலாகிய சான்று கையில் இருந்தால் மட்டுமே இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

செடியின் அறிவியற்பெயரில் இக்கரைக்குள்ள பங்கு அதைவிடத் தெளிவானது. 1753 இல் லின்னேயஸ் ஐரோப்பாவின் நார்ச்செடியை அடிப்படையாகக் கொண்டு கன்னாபிஸ் சடைவா என்று பெயரிட்டார். 1785 இல் பிரெஞ்சு இயற்கை அறிஞர் லாமார்க், இந்தியாவிலிருந்து வந்த உலர்செடிகளை ஆராய்ந்து, கன்னாபிஸ் இண்டிகா என்று அதனின் வேறான ஓர் இனத்தை வகுத்தார். அவருக்கு அச்செடிகளைத் தந்தவர், கடலூருக்கு வடக்கே ஒரு நாள் நடைத்தொலைவிலுள்ள புதுச்சேரியில் தங்கித் தென்னிந்தியாவைச் சுற்றிய பியேர் சொன்னெரா. இந்தியச் செடியின் தண்டு கெட்டியானது, பட்டை மெலிந்தது, நாருக்கு உதவாதது, ஆனால் மூளையைக் கலக்கும் தன்மையது என்பது லாமார்க் கண்ட வேறுபாடு. இரண்டும் ஓரினமா, ஈரினமா என்ற வழக்கு தாவரவியலில் இன்றும் முடியவில்லை.

மருத்துவத்தில் அதன் இடம் உறுதியானது. சித்த மருத்துவ மரபு இச்செடியைச் சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் அழைக்கிறது. இரண்டாம் பெயருக்குரிய கோரக்கரின் சமாதி நாகப்பட்டினத்தை அடுத்த வடக்குப் பொய்கைநல்லூரில் இருப்பதாக அம்மரபு கொள்ளும். சென்னையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய வைட்லா ஐன்ஸ்லி 1826 இல் வெளியிட்ட மருந்துப்பொருள் நூல், நாட்டு வைத்தியர் கஞ்சா இலையை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்ததையும், மஞ்சளும் வெங்காயமும் சேர்த்துச் சூடான நல்லெண்ணெயில் குழைத்து மூலத்துக்குப் பூசியதையும் பதிவு செய்கிறது. கொல்லையில் ஒரு செடி நின்றதற்கு இத்தகைய கைமருந்துத் தேவை போதிய காரணம். இதனோடு, இலேகியமாகவும் மாஜூம் என்னும் இனிப்பாகவும் உண்பது ஒரு வகை, சிலும்பி என்னும் மண்குழலில் வைத்துப் புகைப்பது மற்றொரு வகை. பின்னது பெரும்பாலும் பைராகிகள், பக்கிரிகள், பண்டாரங்கள் போன்ற ஊர்சுற்றும் துறவியரோடு சேர்த்தே பேசப்பட்டது. வடக்கிலிருந்து இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் பாதையில் சிதம்பரம் அமைந்திருந்ததை இங்கு மறக்கலாகாது.

அரசு இச்செடியைக் கவனிக்கத் தொடங்கியது வருவாய்க்காகவே. 1886 ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம், அதாவது சாராயம், கள், போதைப்பொருள் ஆகியவற்றின் மீதான வரிச்சட்டம், கஞ்சாவையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் வடிசாலை சாராயம் இறக்கிக்கொண்டிருந்த இம்மாவட்டத்தில் அப்காரி என்றால் முதலில் நினைவுக்கு வந்தது சாராயமே; கஞ்சாக்கடை அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு வருவாய். சட்டம் விற்பவனுக்கு உரிமம் வேண்டும் என்றது. வளர்ப்பவனைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. உரிமக்கட்டணம் செலுத்திக் கடை வைத்திருப்பவனும், செலவின்றித் தன் கொல்லையில் பறித்துக்கொள்பவனும் ஒரே தெருவில் வாழ்ந்த இந்த முரண்தான் அடுத்த பத்தாண்டுகளின் போக்கைத் தீர்மானித்தது.

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்வியின் விளைவாக அவ்வாண்டு ஜூலையில் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. மாக்வொர்த் யங் தலைமையில் ஏழு பேர் கொண்ட அக்குழு, எழுபது வினாக்கள் அடங்கிய படிவத்தை நாடெங்கும் அனுப்பி, 1,193 சாட்சிகளின் கூற்றைத் திரட்டி, 1894 இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை அளித்தது. கஞ்சா என்பது பெண்செடியின் பிசின் தோய்ந்த பூங்கொத்து, பங்கி என்பது உலர்ந்த இலை, சரஸ் என்பது தனியே எடுத்த பிசின் என்று மூன்றையும் பிரித்துக் காட்டிய அவ்வறிக்கை, கொல்லைச் செடி ஏன் பெருவாணிகப் பொருளாகவில்லை என்பதையும் விளங்கவைக்கிறது. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியாக வளரும் இவ்வினத்தில், மகரந்தம் சேராத பெண்பூவிலேயே பிசின் மிகும். வங்காளத்தின் நௌகாவில் ஆண்செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே கூலிக்கு அமர்த்தப்பட்ட தேர்ந்த ஆள்கள் இருந்தனர், அவர்களைக் ‘கஞ்சா டாக்டர்’ என்று அழைக்கும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்திருந்தது. இப்பராமரிப்பு ஏதுமின்றி வேலியோரத்தில் நின்ற செடி விதைபிடித்து வீரியம் குறைந்துபோனதால், காசு கொடுத்து வாங்கக்கூடியவர் கடைச்சரக்கையே நாடினர்.

அளவான பயன்பாடு பெருந்தீங்கு எதையும் விளைவிப்பதில்லை, முழுத்தடை தேவையுமன்று, ஏற்றதுமன்று என்பது ஆணையத்தின் முடிவு. அதனை மேற்கோள் காட்டுவோர் பலர், அதே அறிக்கை பயிரிடும் பரப்பைச் சுருக்கி வரியைக் கூட்டச் சொன்னதை ஏனோ விட்டுவிடுகின்றனர். அதன் பின்னரே சென்னை மாகாணத்தில் கஞ்சா விளைச்சல் உரிமத்துக்குள் வந்து, கிருஷ்ணா மாவட்டத்தின் பாபட்லா வட்டாரத்திலும், மலையாளிகள் என்னும் பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையிலுமாகக் குறுகியது. தென்னார்க்காட்டைப் பொறுத்தவரை இதன் பொருள் எளியது: கடை இருக்கலாம், செடி இருக்கக்கூடாது. வளரும் இடமும் நுகரும் இடமும் முற்றாகப் பிரிந்தன.

அக்காலத்தில் கடல்கடந்த தமிழர் விஷயத்தில் ஆட்சியாளர் இத்தனை பொறுமை காட்டவில்லை. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் வட, தென் ஆர்க்காட்டு மக்கள் கணிசமானோர். அங்கே 1870 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இந்தியத் தொழிலாளர் கஞ்சா வைத்திருப்பதையும் புகைப்பதையும் தடுத்தது. சென்னை அரசு கஞ்சாவிலிருந்து வரி திரட்டத் தொடங்குவதற்கு முன்பே அத்தடை பிறந்துவிட்டது. தோட்ட முதலாளிக்கு உழைப்பு நாள் குறையக்கூடாது, சென்னை அரசுக்கு வருவாய் குறையக்கூடாது என்ற இரு கணக்குகளே இரண்டு சட்டங்களுக்கும் அடிப்படை என்று கருதுவது தவறாகாது.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1925 இன் ஜெனீவா ஒப்பந்தம் இந்தியக் கஞ்சாவைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் சேர்த்தது. 1930 இல் இந்தியாவில் அபாயகர மருந்துகள் சட்டம் வந்தது. இராஜாஜியின் அமைச்சரவை 1937 இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கின் சட்டம் கள், சாராயத்தோடு போதைப்பொருள்களையும் உள்ளடக்கி, 1948 இல் மாகாணம் முழுவதற்கும் பரவியது. கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 1961 இன் பன்னாட்டு ஒப்பந்தம் அளித்த அவகாசம் தீரும் தறுவாயில், 1985 நவம்பர் 14 இல் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிமக் கடைகளின் காலம் முடிந்தும் சரக்கு வரும் திசை பெரிதும் மாறவில்லை. இன்று தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர மலைகளிலிருந்து இரயிலிலும் சாலையிலும் வருவதே.

செடி மட்டும் அண்மையில் கொல்லையைத் தாண்டி அறைக்குள் நுழைந்திருக்கிறது. பகற்பொழுது சுருங்கும் பருவத்தில் பூக்கும் இச்செடியை விளக்கொளியால் ஏமாற்றி எப்பருவத்திலும் பூக்கவைக்கும் முறை மேலைநாடுகளில், காவல்துறையின் கண்ணுக்குத் தப்பவே, பரவியது. 2023 ஜூனில் கருநாடகத்தின் ஷிவமொக்காவில் மருத்துவ மாணவர் சிலர் வாடகை வீட்டுக்குள் அவ்வாறு வளர்த்ததாகக் கைதாயினர். வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் எடைக்கேற்பத் தண்டனையைப் படிப்படியாக வகுக்கும் 1985 ஆம் ஆண்டுச் சட்டம், வளர்ப்பதற்கு அத்தகைய படிநிலை எதையும் வைக்கவில்லை: ஒரு செடியாயினும் தோப்பாயினும், கொல்லையாயினும் அறையாயினும், பத்தாண்டுவரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. அதே சட்டத்தின் வரையறையில், பூங்கொத்தோடு சேராத தனி இலையும் விதையும் கஞ்சா ஆகா. ஐன்ஸ்லியின் காலத்து வைத்தியர் பறித்த இலை அவ்வகையில் வரையறைக்கு வெளியே நிற்க, அதைத் தரும் செடியை நடுவது மட்டும் குற்றமாகத் தொடர்கிறது.